மாமாவின் புஷ் வண்டிக்கு நான் எல்லை வகுத்த கதை

ஒன்றும் படிக்காதவன் தன் பிழைப்பை மட்டும்தான் கெடுத்துக்கொள்வான். அரைகுறையாக வணிகவியல் படித்தவன் தாய்மாமன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுப்பான். இந்த இரண்டாவது ரகத்தில் புதுச்சேரியிலேயே முதல் ஆள் நான்தான் என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். சென்னையில் பி.காம். முடித்துவிட்டு, மாமா வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மாமா மகள் விசாலாட்சி இதைப் படிப்பாள்.) மாமாவிடம் இரண்டு புஷ் வண்டிகள் இருந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சக்கரம் வைத்த நாற்காலி மாதிரி ஒரு வண்டி அது. பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவார். உட்கார்ந்திருப்பவரே முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து இடமோ வலமோ திருப்பிக்கொள்ள வேண்டும்.

துரைமார்கள் குறைந்து, சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பெருகிவிட்டதால் ஒரு வண்டி கொட்டகையிலேயே தூங்கியது. மற்றொன்று ஓடியது மதாம் ரொசாலியின் புண்ணியத்தால்தான். காலமாகிவிட்ட ஒரு நீதிபதியின் மனைவி அவர். தமிழ்க்காரர்தான், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். ஞாயிறுதோறும் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போவார். மதாம் ஏறும் வண்டி என்ற மரியாதைக்காகவே கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் மற்றவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

எனக்கும் விசாலாட்சிக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை இருந்தது மாமாவுக்குத் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் பட்டென்று சொல்லிவிட்டார்.

"மாப்ளே, பொங்கலுக்குள்ள வண்டிங்களுக்கு ஒரு வழி பண்ணு. விசாலத்த ஒனக்கே குடுக்கறேன். இல்லன்னா விழுப்புரத்துலேர்ந்து ஒரு எடம் வந்துருக்கு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாலாட்சியை விழுப்புரத்துக்கு விட்டுக்கொடுப்பதைவிட வங்காள விரிகுடாவில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாளே மாமாவையும் வண்டி தள்ளும் கண்ணாயிரத்தையும் கொட்டகையில் உட்காரவைத்து, எங்கள் கல்லூரிப் பேராசிரியர் மாதிரியே முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாமா, நம்ம தொழில் என்ன?"

"இது என்னடா கேள்வி? புஷ் வண்டி வாடகைக்கு வுடறது."

"அங்கதான் தப்பு பண்றீங்க. தொழிலோட எல்லைய ரொம்பக் குறுக்கிட்டீங்க. நம்ம தொழில் வண்டியே இல்ல. ஓரெடத்துல இருக்கறத இன்னோர் எடத்துல சேக்கறது. அது மனுசனா இருந்தா என்ன, மூட்டையா இருந்தா என்ன? எல்லாம் ஒரே வகை."

மாமா அசந்துபோனார். முதல் மூட்டை மீன் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை கிறிஸ்தவர் வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள், மீன்தான். பெரிய மார்க்கெட்டிலிருந்து வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

கண்ணாயிரத்துக்கும் ஒரே சந்தோஷம். "நல்ல யோசனைங்க. மீனு வாடகைக்குப் பேரம் பேசாது!"

வெள்ளிக்கிழமை காலை தூங்குமூஞ்சி வண்டியில் கூடைகளை ஏற்றினோம். கண்ணாயிரம் தள்ளினார். வண்டி நேராகப் பூக்கடைக்குள் போய் நின்றது. மூன்று மேதைகளுக்கும் அப்போதுதான் உறைத்தது: மீன்கூடை கம்பியைப் பிடிக்காது. பூக்காரம்மா என் படிப்பைப் பற்றியும் என்னைப் பெற்றவர்களைப் பற்றியும் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. வேறு வழியில்லாமல் நானே ஏறி, வஞ்சிரத்தை மடியிலும் மத்தியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தேன். பட்டம் வாங்கிய அன்றுகூட இத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனாலும் வியாபாரம் சூடுபிடித்தது! அடுத்த வெள்ளிக்கு ஒரு வண்டி போதவில்லை. எல்லையை இன்னும் கொஞ்சம் விரிப்போம் என்று மதாமின் வண்டியையும் இறக்கினேன். தள்ள ஒரு கூலியாளைப் பிடித்து, அதில் மாமாவே கூடையும் கையுமாக ஏறிக்கொண்டார். வெற்றி தலைக்கேறிவிட்டால் வயசு ஏது?

அன்று சாயங்காலமே மதாமின் வண்டியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சை பிழிந்தோம். விசாலாட்சியின் செண்டு பாட்டிலையும் கவிழ்த்தோம். (அதற்கு அவள் இன்னும் கணக்குக் கேட்கிறாள்.) ஆனால் இருக்கை மெத்தையில் இருந்தது தேங்காய் நார். குடித்ததை அது லேசில் விடாது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏற ஏற, மெத்தை பேச ஆரம்பித்தது. முதல் தெருமுனையில் ஒரு பூனை சேர்ந்துகொண்டது. கோயில் வாசலை அடையும்போது ஒரு பூனைக் கூட்டமே பின்னால் வந்தது. கம்பியை விட்டால் வண்டி சாக்கடையில் இறங்கிவிடும் என்பதால் மதாமால் ஒன்றையும் விரட்ட முடியவில்லை. பூசைக்கு வந்த ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது.

பூசை முடிந்ததும் மதாம் நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"என் வண்டியில யாரு மீன் ஏத்தினது?"

மாமா கைகூப்பி நின்றார். நானும் அப்படியே நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். படித்தவனாயிற்றே, விளக்கம் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க மதாம். நாங்க தொழிலோட எல்லைய விரிச்சிருக்கோம். அந்தக் கணக்குல பாத்தா நீங்களும் வஞ்சிரமும் ஒரே வகைதான்."

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே போய் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கைதட்டி அழைத்து ஏறிக்கொண்டார். அவர் பின்னாலேயே கல்யாணங்களும் ஞானஸ்நானங்களும் போயின. கடைசியில் மீனும் போயிற்று. ரிக்‌ஷாவில் மீன் ஏற்றினால் கம்பி பிடிக்க பி.காம். தேவையில்லையே.

பொங்கலுக்கு முன்பே மாமா இரண்டு வண்டிகளையும் விற்றுவிட்டு, கொட்டகையை ரிக்‌ஷாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். நான் பெட்டியைக் கட்டினேன். கண்ணீர் வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விசாலாட்சிதான் வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இவர வெளிய வுட்டா ஊர்ல இருக்கற மத்த வியாபாரத்தயும் ஒழிச்சுருவாரு. நாமளே வச்சுக்கலாம்."

மாமா அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். தை பிறந்ததும் எங்கள் கல்யாணம் நடந்தது. மதாம் ரொசாலியும் பெரிய மனசு பண்ணி ரிக்‌ஷாவில் வந்தார். மாமா ஓடிப்போய்ப் புது நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மதாம் குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். மணவறையில் இருந்த என்னை ஒரு தரம் பார்த்தார். மறுபடியும் முகர்ந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்று பந்தலே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் முகர்ந்து பார்க்காமல் என் நாற்காலியில் உட்காருவதில்லை. மதாமையோ புஷ் வண்டியையோ கண்டிராத என் கடைசிப் பேத்திகூட அப்படித்தான் செய்கிறாள். ஏன் என்று கேட்டால், தாத்தா நாற்காலியில் அப்படித்தான் உட்கார வேண்டும் என்கிறாள்.