கழுவி முடிந்தது, நன்றி

பல் டாக்டரம்மாவின் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல, உள்நாட்டு அமைதிக்காக. எச்சில் தட்டை யார் கழுவுவது என்பது பற்றி அவருக்கும், சாலை போடும் இலாகாவில் கண்காணிப்பாளராக இருந்த அவர் கணவருக்கும் நடந்த பேச்சுவார்த்தைகள் பலமுறை முறிந்திருந்தன. இயந்திரம் வந்தது, சமாதானமும் வந்தது. எதிர்வீட்டு அக்கா வந்து அதைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டரம்மா தட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரலை எடுப்பதற்குள் இயந்திரம் ஒரு பாட்டுப் பாடி, "கழுவி முடிந்தது, நன்றி" என்று தேன் குரலில் அறிவித்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எச்சில் அப்படியே இருந்தது.

"என்னங்க, இது கழுவாமலே முடிஞ்சதுங்குது!"

கணவர் வந்து பார்த்தார். "முடிஞ்சதுன்னு அதுவே அதிகாரபூர்வமா அறிவிச்சாச்சு. அப்புறம் நாம முடியலைன்னு சொல்றது முறையா?" என்றார். அவர் இலாகாவில் பல சாலைகள் அப்படித்தான் முடிந்திருந்தன.

ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மின்சாரத்தை அணைத்துப் போட்டார். டாக்டரம்மா வடிகட்டியைக் கழற்றி அலசினார், கதவின் கொக்கியை அழுத்திப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். ஒவ்வொரு முறையும் பாட்டு மட்டும் கணீரென்று வந்தது.

"கழுவி முடிச்ச தட்டை மறுபடி கழுவினா அது இரட்டை வேலை. நான் ஒத்துக்க முடியாது" என்று கணவர் கூடத்துக்குப் போய்விட்டார். டாக்டரம்மாதான் தேய்த்தார்.

கம்பெனியின் 'மகிழ்ச்சி மைய'த்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க மெஷின் எங்க கம்ப்யூட்டரோட பேசிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு எத்தனையோ தடவை வெற்றிகரமா கழுவியிருக்கே!"

"ஒரு தடவைகூடக் கழுவலைம்மா."

"தண்ணியும் செலவாகலை, கரண்ட்டும் செலவாகலை. இவ்வளவு சிக்கனமான மெஷினை நாங்க பார்த்ததே இல்லை மேடம்!"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் மறுநாள் 'மகிழ்ச்சி அலுவலர்' என்று சட்டையில் எழுதியிருந்த ஒருவர் பெட்டியோடு வந்தார். மோட்டாரைச் சோதித்தார், தண்ணீர் வரும் வழியைச் சோதித்தார், கதவின் உள்பக்கத்தைக் கழற்றினார். பிறகு இயந்திரத்தின் காதில் விழாத குரலில் சொன்னார்: "கண்ட்ரோல் போர்டு போயிடுச்சு மேடம்."

"அப்பாடா! மாத்திடுங்க."

"பழுதுன்னு பதிவானாத்தான் போர்டு வரும். பழுதே இல்லைன்னு மெஷினே சொல்லிடுச்சே. இந்தப் புகாரை முடிச்சுட்டுப் புதுசா ஒண்ணு கொடுங்க. முடிக்கணும்னா நீங்க திருப்தின்னு அஞ்சு நட்சத்திரம் போடணும்."

"எனக்குத்தான் திருப்தி இல்லையே!"

"முதல்ல திருப்தின்னு சொன்னாத்தானே மேடம், அப்புறம் திருப்தி இல்லைன்னு சொல்ல முடியும்?"

இதில் எங்கே ஓட்டை என்று டாக்டரம்மா தேடினார். அகப்படவில்லை. ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினார்.

போர்டு வரவில்லை. மேலாளர் வந்தார். பூங்கொத்து, கேக், கேமரா சகிதம் வந்து, சிக்கனத்தில் முதலிடம் பிடித்த இந்த இல்லத்தரசிக்கு 'நீர் காத்த நாயகி' விருது என்று கூடத்தில் முழங்கினார். அடுக்குமாடிக் கட்டடமே திரண்டு நின்று கைதட்டியது.

"நான் உண்மையைச் சொல்லப் போறேன்" என்று டாக்டரம்மா பல்லைக் கடித்தார்.

"தாராளமா சொல்லு. முதல்ல விருதை வாங்கிடு" என்றார் கணவர். கேமராவுக்கு வாகாக அவர் ஏற்கெனவே தலைவாரி நின்றிருந்தார்.

மேலாளர் கேக்கைத் தின்றுவிட்டு, க்ரீம் அப்பிய தட்டை இயந்திரத்துக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினார். பாட்டு வந்தது, நன்றியும் வந்தது. அவர் கை கதவை நோக்கி நீண்டது. திறந்து தொலைக்கட்டும் என்று டாக்டரம்மாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. மேலாளரோ கதவைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"திறந்து பார்த்தா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்" என்றார்.

அப்போது எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "நிஜமாவே நல்லாக் கழுவுதா?"

கூடமே டாக்டரம்மாவின் வாயைப் பார்த்தது. கையில் பூங்கொத்து கனத்தது. எத்தனையோ வாய்களைத் திறக்க வைத்தவருக்குத் தன் வாயைத் திறப்பது அன்று பெரும்பாடாக இருந்தது.

"கேக்கவே வேண்டாம்க்கா!" என்றார்.

கம்பெனி அந்த போர்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டு, புது இயந்திரங்கள் எல்லாவற்றிலும் அதே அமைப்பைப் பொருத்தியது. கட்டடத்தில் வீட்டுக்கு ஒன்று வந்து இறங்கியது. ஒரு வீட்டிலிருந்தும் புகார் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா லிஃப்டில் ஏறினார். உள்ளே எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தாள். சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியிருந்தது. விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. டாக்டரம்மா கவனிப்பதைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். டாக்டரம்மாவும் தன் கைகளைக் கைப்பைக்குள் விட்டு எதையோ தேடினார்.

"புது மெஷின் எப்படிக்கா இருக்கு?"

"அதை ஏன் கேக்கறே! பளபளன்னு கழுவுது."

"அஞ்சு நட்சத்திரம் போட்டாச்சா?"

"வந்த அன்னிக்கே போட்டுட்டேன். என் நாத்தனாரையும் ஒண்ணு வாங்கச் சொல்லியிருக்கேன்."