மஞ்சப்பொட்டு ஏறிய பரிசல்

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த கையோடு அதை மஞ்சப்பொட்டிடம் காட்டியிருந்தால், நமக்கு இன்னும் டெலிவரி ஆகியிருக்காது. மலைகளைத் தட்டிப் பார்த்திருப்பார். கடல் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்திருப்பார். நிலா ஏன் மாதாமாதம் தேய்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு, படைத்தவனையே ஓரமாக நிற்க வைத்திருப்பார்.

ஒரகடத்தில் லாரி அச்சு செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். அவர் கடைசி செக்கிங்கில் இருந்தார். வேலை இதுதான்: லைனில் வருகிற ஒவ்வொரு நட்டையும் ரெஞ்ச் போட்டு 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை முறுக்கிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பெயிண்ட் பேனாவால் அதன் தலையில் ஒரு மஞ்சள் பொட்டு. பொட்டு இல்லாத சரக்கை நான் லாரியில் ஏற்றினால் என் சீட்டு கிழிந்துவிடும். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். அதை யாரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த வேலையை மற்ற ஷிப்டுகளிலும் ஆட்கள் செய்தார்கள். அவர்கள் மணி அடித்ததும் பேனாவை டிராயரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மஞ்சப்பொட்டு பேனாவோடு போனார். மண்ணூரில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். குக்கர் கைப்பிடியில் பொட்டு. கேஸ் ரெகுலேட்டரில் பொட்டு. முன்பு மகளுக்குத் தொட்டில் கட்டிய, இப்போது துணிக்கொடி கட்டுகிற இரும்பு வளையத்தில் பொட்டுக்கு மேல் பொட்டு. "வருஷத்துக்கு ஒண்ணு வெப்பாரு" என்றார் அவர் மனைவி, ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்வதுபோல.

காலையில் கம்பெனி பஸ் மண்ணூரில் நின்றால் அவர் உடனே ஏறமாட்டார். ஒரு சுற்று சுற்றிச் சக்கரத்து நட்டுகளைப் பார்ப்பார். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"யோவ், இது இன்னா ஆர்டிஓ ஆபீஸா, பஸ் ஸ்டாப்பா?"

"நீ உக்காந்துக்கினு இருபா. கீழ கீறது நட்டு. மேல கீறது நாப்பது உசுரு."

நாற்பது உசுரும் வாட்சைப் பார்த்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் உண்மையிலேயே ஒரு நட்டு லூசாகக் கிடைத்தது. அன்று முழுவதும் அவர் முகத்தில் கல்யாணக் களை.

கல்யாணம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் லைன் பையன் ஒருவனுக்குத் தண்டலத்தில் கல்யாணம். மொய்க் கவரோடு மேடை ஏறிய மஞ்சப்பொட்டு, மணமக்களை வாழ்த்திவிட்டுத் தாலி முடிச்சைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பெண்ணின் தாய்மாமன் விவரமானவர். பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் எந்த டூருக்கும் வந்ததில்லை. ஊட்டி, கொடைக்கானல், எதற்குக் கூப்பிட்டாலும் "ரோடு எப்படியோ" என்று கழன்றுகொள்வார். எங்கள் லைனில் ஒரு வருடம் முழுக்கக் கம்ப்ளெயிண்டே வரவில்லை என்று நிர்வாகம் மனமிரங்கி ஒரு சுற்றுலா கொடுத்தது. காவிரியில் பரிசல் சவாரி, ஆற்றங்கரை மணலில் கூடாரம் போட்டு ஓர் இரவு. பெயர் கொடுக்கும் தாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பத்தாவது நிமிடம் பார்த்தால், முதல் பெயருக்குப் பதிலாக ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

கேண்டீனில் இரண்டு நாள் இதே பேச்சுதான். அவருக்கு ஏதோ வேண்டுதல் என்றான் ஒருவன். பரிசல் துறையிலிருந்து நம் கம்பெனிக்கு ஆர்டர் வந்திருக்கும் என்றான் இன்னொருவன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் சங்கதி தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அது பிறவிக் குணம். ஆகவே பஸ்ஸில் அடித்துப் பிடித்து அவர் பக்கத்து இருக்கையைப் பிடித்தேன். அவர் அடிக்கொருதரம் சட்டைப் பையிலிருந்த ஒரு மடித்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலூர் தாண்டும்போது அவரே வாய் திறந்தார்.

"இன்னா சார், மொறைச்சிக்கினே வர்றீங்க? கேட்டுடுங்க."

கேட்டேன். தாளைப் பிரித்துக் காட்டினார். மகள் பவித்ராவின் பள்ளிக்கூடத்துக் கடிதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றப் போகிறார்கள். சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது.

"வாணாம்னேன் சார். அதுக்கு அவ, 'ஏறியே பாக்காத போட்டை எப்படிப்பா ரிஜெக்ட் பண்ணுவ? உங்க கம்பெனில இப்படித்தான் பண்றீங்களா?'ன்னா." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "அதான் ஏறிப் பாக்கலாம்னு வந்தேன். சரியா இருந்தா கையெழுத்து. இல்லேன்னா இல்ல. இன்னிக்கு வரைக்கும் பாக்காம நான் எதுக்கும் பொட்டு வெச்சது கிடையாது."

எனக்கு அதற்கப்புறம் காவிரியே மறந்துவிட்டது. மண்ணூரில் ஒரு பெண் குழந்தை காத்துக்கொண்டிருக்கிறது. அது படகு ஏறுவதும் ஏறாததும் இந்த மனிதர் இன்று எதைத் தட்டிப் பார்த்து என்ன முடிவுக்கு வருகிறார் என்பதில் இருக்கிறது. கையெழுத்து விழுமா?

துறையில் இறங்கியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அவர் எதிர்பார்த்து வந்தது இஞ்சினும் இரும்பும் உள்ள படகு. அங்கே கவிழ்த்த பெரிய கூடைகள் வரிசையாகக் கிடந்தன. முதலில் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்து மூன்றைத் திருப்பி அனுப்பினார். அதில் ஒன்றை எங்கள் சூப்பர்வைசர் செல்வின் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார். பிறகு பரிசல்காரர் மாதையனிடம் வந்தார். மாதையன் ஒடிசலான, நிதானமான மனிதர்.

"ஏங்க, இதுல நட்டு எங்க கீது?"

"நட்டுங்களா? நட்டெல்லாம் இல்லீங்க."

"போல்ட்டு?"

"அதும் இல்லீங்க."

"ஆணியாவது?"

"மூங்கில்ல ஆணி அடிச்சா பொளந்துக்குமுங்க."

"அப்ப எதுதான் எதைப் புடிச்சிக்கினு கீது?"

மாதையன் யோசித்தார். இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்குதுங்க."

"சரி, முன்பக்கம் எது?"

"நீங்க பாக்கறீங்களே, அந்தப் பக்கந்தானுங்க."

மஞ்சப்பொட்டு பேனாவின் மூடியைத் திறந்தார். பரிசலை மூன்று முறை சுற்றி வந்தார். மூடியை மூடினார். பொட்டு வைக்க இடமில்லாத ஒரு பொருளை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்.

செல்வின் திருநெல்வேலிக்காரர், பொறுமை கிடையாது. "ஏறும்வே! ஊரே போயிட்டு வருது, ஒமக்கு மட்டும் என்ன?"

"ஊரே ஏறினா சரியாயிடுமா சார்?" என்று சொல்லிவிட்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் ஏறினோம், சுற்றினோம், கத்தினோம், நனைந்தோம். ஒவ்வொரு முறை பரிசல் திரும்பும்போதும் கரையில் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணில் பட்டார். ஆரஞ்சு நிறத்தில் அவ்வளவு சோகமான உருவத்தை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மணலில் கூடாரம் போட்டபோது கொஞ்சம் தெளிந்தார். கூடாரத்துக்கு முளை உண்டே! எட்டுக் கூடாரத்து முளைகளையும் காலால் உதைத்துப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். எங்கள் கூடாரத்துக் கடைசி முளையில் இருக்கும்போது போன் அடித்தது. கையில் பேனா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏறிட்டியாப்பா?"

"செக்கிங் ஓடிக்கினு கீதும்மா."

"ரிஜெக்ட்டா?"

"இல்லம்மா. ஹோல்டு."

எங்கள் தொழிலில் ஹோல்டு என்றால் பாஸும் இல்லை, ரிஜெக்ட்டும் இல்லை. மூலையில் கிடக்கும். பெரும்பாலும் அங்கேயே துருப்பிடிக்கும். செக்கிங்காரர் மகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? "சரிப்பா. நல்லா பாரு" என்று வைத்துவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மறுநாள் காலை பத்து மணிக்கு பஸ் கிளம்புகிறது. இந்த மனிதரைத் தூக்கிப் பரிசலில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கோபத்திலேயே தூங்கிப்போனேன்.

காலையில் கண் விழித்தால் பக்கத்துப் படுக்கை காலி. வெளியே வந்து பார்த்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. துறையில் ஒரு பரிசல் கவிழ்ந்தபடி நின்றுகொண்டிருந்தது. ஆமாம், நின்றுகொண்டுதான் இருந்தது, நான்கு கால்களில். இரண்டு கால் வெறுங்கால். இரண்டில் எங்கள் கம்பெனி சேஃப்டி ஷூ.

உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. நானும் குனிந்து உள்ளே நுழைந்தேன். கால்கள் ஆறாயின.

பரிசலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒரே ஓர் இடத்தில் ஊசி முனையளவு வெளிச்சம்.

"தெனமும் பாக்கறீங்களா?" என்று கேட்டார் மஞ்சப்பொட்டு. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"தெனமுந்தானுங்க. பொழுது ஏறினதும் இப்படிப் புடிச்சுப் பாத்தா, எங்க வெளிச்சம் வருதோ அங்க தண்ணி வரும்."

மஞ்சப்பொட்டு பாய்ந்து பேனாவை எடுத்து, வெளிச்சம் வந்த இடத்தைச் சுற்றி மஞ்சளாக வட்டம் போட்டார். மாதையன் சிரித்தார். "உள்ளாற போட்டா வெளிய எப்படீங்க தெரியும்?" மடியிலிருந்து ஒரு கருவேல முள்ளை எடுத்து ஓட்டையில் செருகினார். வெளியே வந்து பார்த்தால் தார் பூசிய முதுகில் முள் முனை துருத்திக்கொண்டு நின்றது. மஞ்சப்பொட்டு பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டார். எத்தனையோ எஞ்சினியர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். ஒரு முள்ளிடம் அவர் மறு பேச்சில்லாமல் தோற்றார்.

மாதையன் டப்பாவில் தாரைக் காய்ச்சி, முள்ளைப் பிடுங்கிவிட்டுக் குச்சியால் அந்த இடத்தில் சொட்டு வைத்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். பரிசலின் முதுகு முழுக்க அப்படிச் சின்னச் சின்னக் கறுப்புச் சொட்டுகள். எத்தனை காலைகளின் சொட்டுகளோ. மஞ்சப்பொட்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"சார், இவரு நமக்கு முன்னாடியே வெச்சிட்டுக் கீறாரு சார், பொட்டு!"

தார் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு யாரும் கூப்பிடாமலே அவர் ஏறினார். நானும் ஏறினேன். நடு ஆற்றில் மாதையன், "ஒரு சுத்து சுத்தட்டுங்களா?" என்றார். மஞ்சப்பொட்டு பதில் சொல்வதற்குள் பரிசலைச் சுற்றிவிட்டார். நான் எடுத்த போட்டோவில் மஞ்சப்பொட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்துகொண்டு, இரண்டு கையாலும் என் பேண்ட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கரை இறங்கியதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "பேலன்ஸ் நல்லாக் கீது" என்றார். மாதையனிடம் அனுமதி கேட்டு, பரிசலின் விளிம்பு மூங்கிலில், கறுப்புச் சொட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார்.

பஸ் கிளம்பியது. அவர் தாளை எடுத்து மடியில் விரித்தார். என்னிடம் பேனாவை வாங்கிக்கொண்டார், நீல மை பேனா. அப்போது என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"பவித்ரா ஏறப்போறது வேற போட்டு, வேற ஆளாச்சே. அதை நீங்க பாக்கவே இல்லையே?"

பேனா அந்தரத்தில் நின்றது. ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்தார். ஒரு பெட்ரோல் பங்க் போனது, ஒரு கோயில் போனது.

"பாக்கல சார்," என்றார் கடைசியில். "ஆனா, காலைல எழுந்து வெளிச்சம் பாக்கற ஆளு அங்கயும் ஒருத்தன் இருப்பான் இல்ல?"

கையெழுத்துப் போட்டார். குலுங்கும் பஸ்ஸில் கோணலாக விழுந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. பார்க்காமல் அவர் வைத்த முதல் பொட்டு அது.

பவித்ரா போய்விட்டு, நனைந்த பாவாடையோடு பத்திரமாக வந்து சேர்ந்தாள். நான் பிறகு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். கிளம்பிய அன்று கேட் வரை வந்தவர், குனிந்து என் ஸ்கூட்டரின் பின்சக்கர நட்டை முறுக்கிப் பார்த்துப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது அந்த ஒரு நட்டை மட்டும் நான் தேய்ப்பதில்லை.