மூச்சுக்கு அரை இஞ்சு

திண்டுக்கல்லில் சட்டை போட்டுக்கொண்டு கௌரவமாக நடமாடிய ஆண்களில் பாதிப் பேர், அரை இஞ்சு என்பவர் முன்னால் சட்டையில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள்தான். இதில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் அடக்கம்.

அரை இஞ்சு ஒரு டெய்லர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை மிஷின் கடை. எடுத்த அளவைவிட மார்பில் அரை இஞ்சு கூடுதலாக வைத்துத்தான் துணியை வெட்டுவார். ஏன் என்றால், "அது ஸ்டைலுக்கு இல்ல, மூச்சுக்கு" என்பார்.

போட்டிருக்கும் சட்டையின் மேல் டேப் வைக்க மாட்டார். "சட்டைக்கா சட்டை தைக்கிறேன்? உடம்புக்குத்தானே? கழட்டுங்க." அந்த இன்ஸ்பெக்டர் முறைத்துக்கொண்டு, "யோவ், நான் யாருன்னு தெரியுமாய்யா?" என்றார். "கழட்டுங்க சார், தெரிஞ்சுரும்" என்றார் அரை இஞ்சு. கழற்றினார்.

கழற்றினால் மட்டும் போதாது. கொட்டாவி விடச் சொல்வார். தும்மச் சொல்வார். "மில்லு பஸ்ஸை நிறுத்துற மாதிரி கையத் தூக்குங்க" என்பார். நாலு பேர் பார்க்க, வராத பஸ்ஸை நிறுத்திக்கொண்டு நிற்க வேண்டும். பருமனான ஆள் வந்தால் பிரியாணிக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. இரண்டையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டை யாருக்கும் காட்ட மாட்டார்.

ஒருமுறை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் பட்டு ஜிப்பாவை யாரோ மார்பிலேயே இஸ்திரிப் பெட்டியால் சுட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்தார். "கருகுன எடத்துலயே ஒரு தையலப் போட்டு இழுத்துரு அப்பு."

"சுட்ட துணில ஊசி போட்டா நூல் நிக்கும், துணி நிக்காது. தாலி கட்டக் குனியும்போது டர்ருனு போயிரும். நல்ல துணியா கீழ் மடிப்புல இருந்து எடுக்கணும்."

எடுத்தார். மாப்பிள்ளை முழங்காலுக்கு வர வேண்டிய ஜிப்பா இடுப்போடு நிற்க, தாலி கட்டினார். மார்பில் ஒரு இழைகூடப் பிரியவில்லை.

இப்போது என் மார்புக்கு வருகிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயதில் நெஞ்சுக்குள் ஒரு கட்டி. மெட்ராஸில் மாதக்கணக்கில் தங்க வைத்து, கட்டியைக் கருக்கக் கதிர் பாய்ச்சினார்கள், ஊர்ப் பேச்சில் கரண்டு வைத்தார்கள். கட்டி போனது. இடது மார்பில் வெளுத்தும் கறுத்தும் ஒரு அடையாளம் மட்டும் நின்றது. கரண்டு வைத்த உடம்பு என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? "சின்ன வயசுல வெந்நீர் கொட்டுனது" என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டோம். சரோஜா அதை நம்பி என்னைக் கட்டிக்கொண்டாள். நம்பினாள் என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை. குளிக்கிற தண்ணீரை அவள் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குச் சொம்பு கிடைக்கும்.

அரை இஞ்சிடம் நான் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தேன். சட்டையைக் கழற்றுவேன், பனியனைக் கழற்ற மாட்டேன். ஆனால் சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் நனைந்த பனியன் எதை மறைக்கும்? ஒருநாள் அவருடைய டேப் இடது மார்பில் செத்த நேரம் நின்றது. "வெந்நீர்ண்ணே" என்றேன், கேட்காமலேயே. "ம்" என்றார். நோட்டில் எதையோ எழுதினார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை. வேடசந்தூர் மில்லில் நான் கிளார்க். பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மார்பை யாரோ இறுக்கிக் கட்டியது போலிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், அறிவுள்ளவன் டாக்டரிடம் போவான். நான் டெய்லரிடம் சண்டைக்குப் போனேன்.

"என்னண்ணே சட்டை தச்சிருக்கீங்க? மார்ல பிடிக்குது!"

அவர் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "அரை இஞ்சு அப்படியே இருக்கு கிளார்க்கு சாரே. பிடிக்கிறது சட்டை இல்ல, உள்ள. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போலேன்னா உங்க வீட்டம்மாட்ட நானே வந்து சொல்வேன்."

போனேன். மதுரையில் பார்த்தார்கள், மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். "ஊருக்கு வெளியேதான் பைபாஸ் போடுவாங்க, எனக்கு ஊருக்குள்ளயே போடுறாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். மில்லில் சொன்னதும் ஆளாளுக்குத் திடீரென்று ரத்தசோகை வந்துவிட்டது. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார் அரை இஞ்சு. பின்னால் ஆறு பேர், ஆறு பேரும் அவர் தைத்த சட்டையில். "எல்லாம் நம்ம கஸ்டமருதான். யாருக்கு எம்புட்டு உடம்புன்னு அளந்தே வச்சிருக்கேன், தெம்பானவங்களாப் பாத்துக் கூட்டியாந்தேன்."

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். ஒரு பக்கம் சரோஜா, மறுபக்கம் அரை இஞ்சு. டாக்டர் கையில் இருந்த பைலில் 'வெந்நீர்த் தழும்பு' என்று எழுதியிருந்தது. உபயம், நான்.

"இது வெந்நீர் கொட்டினதுதானே?"

"ஆமா டாக்டர்" என்றேன். சரோஜா பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வேன்? நெஞ்சைப் பிளக்கப்போகிறவரிடமே பொய் சொன்ன வீரன் நான்.

டாக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அரை இஞ்சு தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். நான் டெய்லர். வெந்நீர் கொட்டுனா ஒழுகும்ங்கய்யா, கோணல்மாணலாப் போகும். இதைப் பாருங்க. ஓரம் நேரா வருது, மூலை திரும்புது, மறுபடி நேரா வருது. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுச் சுட்ட மாதிரி இருக்கு. கோடு போடுறதுதான் என் தொழில். இதை எவரோ அளந்துதான் செஞ்சிருக்காரு."

டாக்டர் திரும்பி வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நெஞ்சுக்குக் கரண்டு வச்சாங்களா?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். "கட்டிக்கு... இருபத்தஞ்சு வயசுல..." என்றேன். இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

டாக்டர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். "நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் இருக்கு. அதை எடுத்துத்தான் ஒட்டலாம்னு இருந்தேன். கரண்டு பட்ட இடத்துல அதுவும் கெட்டுப்போயிருக்கலாம். உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். எலும்பு சேரவும் புண் ஆறவும் நாளாகும். தெரியாம நாளைக்குத் திறந்திருந்தா..." ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். பழைய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி விவரம் கேட்டார். நுரையீரலைத் தனியாகச் சோதிக்கச் சொன்னார்.

"அப்ப ஒட்டுக்கு எங்க இருந்துய்யா எடுப்பீங்க?" என்றார் அரை இஞ்சு.

"கால்ல இருந்து."

அரை இஞ்சு என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். "கீழ் மடிப்பு."

பத்து நாள் கழித்து ஆபரேஷன். சொன்னதைவிட இரண்டு மடங்கு நேரம். கண் விழித்தபோது டாக்டர், "உங்க டெய்லர் சொல்லாம இருந்திருந்தா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்போம்" என்றார். நான் கஷ்டப்பட்டிருக்கவே மாட்டேன், இருந்திருக்க மாட்டேன் என்பதை மரியாதை கருதி அவர் விட்டுவிட்டார்.

சரோஜா அதுவரை என்னிடம் பேசவில்லை. நர்ஸ் வந்து, "சாருக்கு உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டு வரட்டுமா?" என்றதும் வாயைத் திறந்தாள். "வேணாம் சிஸ்டர். அவருக்கும் வெந்நீருக்கும் ஆகாது." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பதினாறு வருசமா உங்களை ஒரு அண்டா தூக்க விட்டிருப்பனா? எங்கிட்ட சொன்னா நான் என்ன ஓடியா போயிருப்பேன்?" அன்றிலிருந்து வீட்டில் வெந்நீர் நான்தான் போடுகிறேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அரை இஞ்சு கடைக்குப் போனேன். நன்றி சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் எழுந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க கிளார்க்கு சாரே. அளவு எடுக்கிறவன் பாத்ததை வெளிய சொல்லக் கூடாது. சொன்னா நாளைக்கு எவன் எம்முன்னால சட்டையக் கழட்டுவான்? முப்பது வருசத் தொழில்ல இந்த ஒருவாட்டிதான் சொன்னேன், அதுவும் உங்க வீட்டம்மா முன்னாடி."

எனக்கு உயிர் கொடுத்துவிட்டு என்னிடமே மன்னிப்புக் கேட்கும் மனிதனை என்ன செய்வது? சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றினேன். நல்ல வெளிச்சத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வருகிற சனம் பார்க்க, கையைத் தூக்கி வராத பஸ்ஸை நிறுத்தினேன்.

அவர் நடு நெஞ்சின் தையலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நேராத்தான் போட்டிருக்காரு. ஆனா கைத்தையல்" என்றார். டேப் வைத்தார். "மூச்ச இழுங்க... விடுங்க... இன்னொருவாட்டி விடுங்க." எழுதிவிட்டு, நூல்கண்டு எடுக்க உள்ளே போனார். நோட்டு திறந்தே கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எட்டிப் பார்த்தேன்.

என் பெயருக்கு நேராக, மங்கிய பழைய மையில்: 'இடது மார்பில் இஸ்திரி. கேட்கக் கூடாது.'

அதற்குக் கீழே, இன்னும் காயாத மையில்: 'மார்பு முப்பத்தெட்டு. மூச்சுக்கு அரை. நல்லா விடுறார்.'