கோல்பிக்கு ஐந்து வரி

"நேரத்துக்கு வேலைக்கு வருவாராம்! நேரத்துக்கு! வேலைக்கு!"

லைமன் கோல்பி போட்ட கூச்சலில் அச்சு எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். இந்தியானாவில் கார்வர்ஃபோர்டு என்ற ஊரின் 'கூரியர்' பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். கையில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஆத்திரம்.

விஷயம் இதுதான். ஊரில் பேங்க் முதலாளி கோல் நெஞ்சு வலியென்று படுத்திருந்தார். எந்தப் பத்திரிகை ஆபீசிலும் ஊர்ப் பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு இரங்கல் செய்தி எழுதித் தயாராக வைத்திருப்பார்கள். கோலுடையது சரியாக இருக்கிறதா பார்ப்போமென்று பழைய செய்திகள் இருக்கும் இரும்பு அலமாரியைக் கோல்பி திறந்தார். கோலுக்கு அடுத்த உறையில் கோல்பி இருந்தார்.

யாருக்குத்தான் ஆசை இருக்காது? எடுத்துப் படித்துவிட்டார்.

'லைமன் கோல்பி காலமானார். கார்வர்ஃபோர்டில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். அதற்கு முன் நிருபராக இருந்தார். நேரத்துக்கு வேலைக்கு வருவார். மனைவி இருக்கிறார்.'

அவ்வளவுதான். ஐந்து வரி.

"மாட்டு வைத்தியருக்கு ஒரு பத்தி முழுக்க இருக்கு! நாப்பது வருஷம் இந்தப் பத்திரிகைக்கு உழைச்சவனுக்கு அஞ்சு வரியா? எவன் எழுதினது?"

மூத்த நிருபர் வெல்மா, "அலமாரி ஹெஸ்டர் பொறுப்பு சார். அவங்களுக்குத்தான் தெரியும். மகளுக்குப் பிரசவம்னு அயோவா போயிருக்காங்க" என்றாள்.

"வரட்டும். அந்தப் பாவி யாருன்னு தெரியட்டும். அன்னைக்கே சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பறேன். நீ உக்காரு, வெல்மா. புதுசா எழுது. நான் சொல்றேன்."

சொன்னார். சின்ன வயதில் வீடு வீடாகப் பேப்பர் வீசியதில் ஆரம்பித்தார். சிகாகோவில் ரௌடிகள் சுட்டுக்கொண்ட தெருவில் நின்று செய்தி எழுதியதைச் சொன்னார். பெருவெள்ளத்தில் ஊரே மூழ்கியபோது படகில் மடிமேல் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு அடித்ததைச் சொல்லும்போது எழுந்தே நின்றுவிட்டார்.

"இதையும் போடு. தன்னோட நீலப் பென்சிலால வெட்டாம ஒரு வார்த்தை அதிகம் விடாதவர். வேண்டியவன் வேண்டாதவன்னு பார்க்கக் கூடாதுன்னு, இரங்கல் செய்தி வந்தா பேரையும் ஊரையும் மறைச்சுட்டுத்தான் தன் மேசையில வைக்கணும்னு சட்டம் போட்டவர். இந்த மாகாணத்துல வேற எவன் இப்படி நேர்மையா இருந்தான்? அந்தப் பக்கத்து ஊர் 'சென்டினல்' ஆசிரியர் பிரிம் இருந்தானா? அவன் எல்லாம் ஒரு ஆளு!"

"எழுதிட்டேன் சார். ஆனா எல்லாம் நீங்களே சொன்னது. ரெண்டு பேர்கிட்ட விசாரிக்காம எதையும் அச்சுல ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே..."

"விசாரி! நல்லா விசாரி! எனக்கு என்ன பயம்?"

வெல்மா விசாரித்தாள். பாதிரியாருக்குப் போன் செய்து, "கோல்பி சாருக்கு இரங்கல் செய்தி எழுதிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் அவசரம்" என்றாள். முடிவெட்டும் கடைக்கும் அதையே சொன்னாள்.

சாயங்காலம் கோல்பி வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் காலி இடமே இல்லை. துக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அதே நூடுல்ஸ், அதே சூரை மீன், மேலே அதே சீஸ். பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரி பெயர் ஒட்டியிருந்தது. மனைவி வின்னி அழுதழுது மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா, லைமன்? ஆபீஸ்ல வெல்மாகிட்ட சொல்லத் தோணுது. கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லத் தோணல!"

"எனக்கு ஒண்ணுமே இல்லடி!"

"பாதிரியார் அப்பவே சொன்னாரு. ஒண்ணுமில்லைன்னுதான் சாதிப்பாராம்."

கோல்பிக்கு வந்ததே கோபம். ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்பதை அவனே சொன்னால்கூட நம்பமாட்டேன் என்கிறார்களே, இது என்ன அநியாயம்? மறுநாள் கூரியர் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, அவரே எழுதினார்: 'இப்பத்திரிகையின் ஆசிரியர் லைமன் கோல்பி பூரண நலமாக இருக்கிறார். சாகும் உத்தேசம் அவருக்கு இல்லை.'

அதற்கு முன் சந்தேகப்படாமல் இருந்த நாலு பேரும் அதைப் படித்துவிட்டுச் சந்தேகப்பட்டார்கள். போன் ஓயவில்லை. முடிவெட்டும் டஃபி தெருவிலேயே கோல்பியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பத் தைரியம் சார் உங்களுக்கு."

"ஏய், பேப்பர்ல படிச்சியா இல்லையா? நான் நல்லா இருக்கேன்!"

"படிச்சேன் சார். தகரடப்பா ஃபாக்டரியை மூடமாட்டாங்கன்னும் இதே மாதிரி கட்டம் கட்டித்தான் போட்டீங்க. அடுத்த மாசமே பூட்டினாங்க."

வாயால் சொல்லி எழுத்தால் சொல்லி நடக்காததைச் செய்து காட்டிவிடுவது என்று முடிவு கட்டினார் கோல்பி. சனிக்கிழமை தீயணைப்புப் படையின் வசூலுக்காக நடக்கும் பான்கேக் விருந்து. ஊரே அங்கேதான் இருக்கும்.

போனார். எல்லோரும் பார்க்கும்படி நடு மேசையில் உட்கார்ந்து தட்டு தட்டாக உள்ளே தள்ளினார்.

"பாவம், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்று ஒரு அம்மாள் தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பாவமா? யாரு பாவம்?" என்று கத்திக்கொண்டே எழுந்தார். "வின்னி, வா இங்கே! ஆடுவோம்!"

"பாட்டே இல்லையே, லைமன்."

"எனக்கு எதுக்குப் பாட்டு?"

இரண்டு சுற்று நன்றாகத்தான் ஆடினார். மூன்றாவது சுற்றில் யாரோ கொட்டியிருந்த மேப்பிள் பாகில் கால் வைத்தார்.

தீயணைப்புப் படை விருந்து என்பதால் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. கணுக்கால் உடைந்த கோல்பியைத் தூக்கிப் படுக்கவைத்து, குளிருமே என்ற நல்லெண்ணத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். வெளியே கொண்டுபோகும்போது ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். "தொப்பியைப் போடுங்கடா மடையனுங்களா!" என்று அவர் கத்தினார். அப்போதும் யாரும் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு அவர் கிடந்தபோது, கையில் பூங்கொத்தும் கலங்கிய கண்ணுமாக உள்ளே வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சென்டினல் ஆசிரியர் ஆர்லோ பிரிம்தான். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் தலையங்கத்தில் ஒருத்தரையொருத்தர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நேரில் ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

"கால்தான் ஒடைஞ்சிருக்கு" என்றார் கோல்பி எடுத்த எடுப்பிலேயே.

"தெரியும், தெரியும். நீ ஒண்ணும் பேசாதே" என்று பிரிம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "லைமன், உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன். முழுப் பக்கம். நானே எழுதினேன். நடுவுல உன் படம்."

"எனக்கா? முழுப் பக்கமா?"

"பின்னே? நம்ம ரெண்டு பேர் கதையும் ஒண்ணுதானேப்பா. நீயும் பேப்பர் வீசினே, நானும் வீசினேன். நீயும் சிகாகோ, நானும் சிகாகோ. வெள்ளத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படகுல நீ டைப் அடிச்சுக்கிட்டு இருந்தே, இந்தப் பக்கம் நான். உன்னை விட்டா என்னைப் பத்தித் தெரிஞ்சவன் யாரு? என்னை விட்டா உன்னைப் பத்தித்தான் யாருக்குத் தெரியும்?"

கோல்பி கையை நீட்டிப் பூங்கொத்தை வாங்கிக்கொண்டார். அந்த நெகிழ்ச்சி ஒரு நிமிஷம்தான். பழைய ஆத்திரம் மறுபடி பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"பாத்தியா ஆர்லோ! நான் வாய்க்கு வந்தபடி திட்டின நீ முழுப் பக்கம் குடுக்கறே. நான் சோறு போட்டு வளர்த்த என் பத்திரிகை அஞ்சு வரி குடுக்குது! 'நேரத்துக்கு வேலைக்கு வருவார்'னு எழுதி வெச்சிருக்கான் ஒரு நன்றி கெட்டவன்! ஒருத்தன் வாழ்க்கையை அஞ்சு வரியில அடக்க எவனுக்காவது மனசு வருமா?"

"சேச்சே, மனுஷனா அவன்!" என்றார் பிரிம். அவருக்கும் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஊர் திரும்பிய பெட்டியைக்கூட வீட்டில் இறக்காமல், கையில் ஒரு நூடுல்ஸ் பாத்திரத்தோடு ஹெஸ்டர் வந்தாள்.

"ஹெஸ்டர்! வா, வா! என் இரங்கல் செய்தியை அஞ்சு வரியில எழுதின அயோக்கியன் யாரு? உனக்குத் தெரியும். சொல்லு!"

ஹெஸ்டர் பிரிமைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். "அப்புறமா, தனியா சொல்றேனே, சார்" என்றாள்.

"என்ன தனியா? ஆர்லோ முன்னாடியே சொல்லு! அவரும் கேக்கட்டும், அந்த அயோக்கியன் யாருன்னு!"

ஹெஸ்டர் பாத்திரத்தை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி முதல்ல எழுதி வெச்சது நாலு பக்கம், சார். சிகாகோ, வெள்ளம், படகு எல்லாம் இருந்துச்சு. உங்க சட்டப்படி பேரையும் ஊரையும் மறைச்சு உங்க மேசையில வெச்சேன். நீங்கதான், 'இது அந்தத் தற்பெருமைக்காரன் பிரிம்தானே, அவனுக்கு அஞ்சு வரியே ஜாஸ்தி'ன்னு நீலப் பென்சிலை எடுத்தீங்க."