செஞ்சியில் இறங்கினால் பாரீஸ்

திருவண்ணாமலை,
12.4.1984

அன்பு மச்சான் அப்துலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மச்சான் மதார் சாகிப் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். ஜெர்மனியில் உன் உடம்பு எப்படி, குளிர் குறைந்ததா என்று அறிய ஆவல்.

லீவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள், டிக்கெட் அனுப்புகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து உன் அக்கா ஜாஹிராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நூரி பிறந்ததைக்கூட தம்பி பார்க்கவில்லையே என்று தினமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவ்வளவு தூரம் வந்து உன்னை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாவது என்று, அஸ்மத்தின் பூகோளப் புத்தகத்தை விரித்து லண்டன், பாரீஸ், ஜெனீவா, ரோம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாள். நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பிரெஞ்சுக்காரரிடம் யோசனை கேட்டேன். "அங்க இருக்க முடியாமத்தான் நான் இங்க வந்தேன்" என்றார். அது யோசனையில் சேருமா என்று தெரியவில்லை.

என் கவலையெல்லாம் குழந்தைகள் தாங்குவார்களா என்பதுதான். அஸ்மத்துக்கு ஏழு, கரீமுக்கு ஐந்து, நூரி இப்போதுதான் ஓடப் பழகுகிறாள். ஆகவே முதலில் ஓர் ஒத்திகை பார்த்துவிடத் தீர்மானித்தேன். கீழ்பென்னாத்தூர் லண்டன், செஞ்சி பாரீஸ், திண்டிவனம் ஜெனீவா, பாண்டிச்சேரி ரோம். ஒவ்வோர் ஊரிலும் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏற வேண்டும். "ஏங்க, பாண்டிச்சேரிதானேங்க பாரீஸா இருக்கணும்?" என்றாள் ஜாஹிரா. வரிசை மாறக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

லண்டனில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. களத்துக்காரர் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கைப்பிடி கடலை கொடுத்தார். அவர்கள் நாலைந்து தின்றார்கள். மீதியை வீணாக்கக்கூடாதே என்று நான் தின்றேன். பாரீஸ் வருவதற்குள் எனக்கு வயிறு புரட்டி, பஸ்ஸை இரண்டு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று. குழந்தைகளோடு பயணம் என்றாலே இப்படித்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வயிற்றுக்கு இதமாக ஒரு டீ வாங்கினேன். நூரி என் இடுப்பில்தான் இருந்தாள். டீயை ஆற்ற இரண்டு கையும் வேண்டுமே, பெஞ்சில் உட்காரவைத்தேன். அதற்குள் திண்டிவனம் பஸ் உறுமியதால் ஓடிப்போய் சீட்டுப் பிடித்தேன். பஸ் நகர்ந்ததும் ஜாஹிரா, "நூரி எங்கங்க?" என்றாள். "உங்கிட்ட இல்லியா?" என்றேன். மச்சான், அவ போட்ட சத்தத்துல பஸ் நின்னுடுச்சு. கீழ குதிச்சு ஓடுறேன், அல்லான்னு சொல்றதத் தவிர வாயில வேற வார்த்த வரல. பாத்தா, டைம் கீப்பர் அருணகிரியோட மேஜ மேல உக்காந்து பன் தின்னுக்கிட்டிருக்கா. "மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்கங்க கெளம்பிட்டீங்க?"ன்னாரு. "ஐரோப்பாவுக்கு"ன்னேன். அவரு எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்தாரு.

குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜாஹிரா ஒரு கையில் நூரியையும் மறு தோளில் என்னையும் தாங்கி, திரும்புகிற பஸ்ஸில் ஏற்றினாள். அஸ்மத் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரீம் வழியெல்லாம் "அத்தா, ரோம் எப்ப வரும்?" என்று அழுதான்.

ஆகவே மச்சான், குழந்தைகள் இன்னும் பக்குவப்படவில்லை. இரண்டு மூன்று வருடம் போகட்டும். டிக்கெட் எதுவும் போட வேண்டாம், மனசு சங்கடப்படாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் வேளாவேளைக்குச் சூடான சாப்பாட்டையும் தருவானாக.

உன் மச்சான்,
மதார் சாகிப்

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஜாஹிரா இதை வாங்கி வாசித்தாள். ஒத்திகை ரொம்ப நல்லபடியாக நடந்ததாம்; யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று தெரிந்துவிட்டதாம். ஆகவே டிக்கெட் நான்கு போடு. மூன்று குழந்தைகளைத் தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டேன். "நாலாவது வரலன்னா மூணும் ஒண்ணுமே இல்லீங்க" என்கிறாள். எங்களுக்கு மூன்றுதானே மச்சான், யாரைச் சொல்கிறாள்?