பிளேனை இறக்க மறுத்த கதை

பெண் பார்க்க வந்தவர்களிடம் வாய் காட்டக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் காட்டினேன். நாளைக்கே அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தாலும் காட்டுவேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

அப்போது நான் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரேடார் திரை முன்னால் சீனியர் அக்கா விமானிகளோடு பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். அவ்வளவுதான் என் வேலை. (லீவில் எங்கள் ஊர் ஹந்தானைக்கு வந்தால் மட்டும், வானத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பதே நான்தான் என்கிற மாதிரி நடப்பேன். ஒரு தடவை அண்ணாந்து பார்த்தபடியே பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து எழும்பினேன்.)

அப்படி ஒரு லீவில்தான் குண்டசாலையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமா பேசினார். மாமாவுக்குப் பால் ஆகாதாம். அதனால் எல்லோருக்கும் பிளேன்டீ. எங்கள் வீட்டில் அதைச் சுருக்கி வெறும் 'பிளேன்' என்போம்.

"வேலையப் பத்தி நீயா ஒண்ணும் பேசாத. கேட்டா ஆபிஸ் வேலைன்னு சொல்லு, போதும்," என்று அம்மா குசினியில், அடுப்படியிலேயே என் காதைத் திருகாத குறையாகச் சொல்லி, தட்டைக் கையில் கொடுத்தார்.

உள்ளே இடம் போதாமல் வாசலில் உட்காரக் கதிரை போட்டிருந்தோம். நான் தட்டோடு போய் நின்ற நேரம் மாமா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கல்யாணத்துக்குப் பொறகு புள்ள வேலைய விட்டுறணும். எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல."

நான் முதல் தடவை கோட்டைவிட்டு, அழுது, மறுபடி பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. அதைப் பழைய சட்டையைக் கழற்றுகிற மாதிரிக் கழற்றிப் போடச் சொல்கிறார் மனுஷன்!

அந்த நேரம் பார்த்து வானத்தில், வெகு உயரத்தில், நாலு வெள்ளைக் கோடுகள் ஒன்றாகப் போயின. மாமா கையை உயர்த்தினார்.

"பாத்தீங்களா, சண்டை ஜெட்டு! எவன்கிட்டயும் கேக்காது. நெனச்ச பக்கம் போகும். எங்க வீட்டு ஆம்பளைங்களும் அப்படித்தான்."

"கேட்டுத்தான் போகும் மாமா," என்றது ஒரு குரல். என்னுடையது.

பிறகு நிறுத்த முடியவில்லை. "தூரப் பயணம் போறப்போ எந்தெந்த நாட்டுக்கு மேல போகணுமோ அங்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பயணிகள் விமானம் போற அதே பாதையிலதான் வரும். எவ்வளவு உயரத்துல போகணும்னு எங்க ஆளுங்கதான் சொல்லுவாங்க. இந்தா பாருங்க..." என்று தட்டைத் தூக்கிப் பிடித்தேன். "இந்த நாலு கிளாசும் நாலு ஜெட். கணக்குக்கு ஒண்ணுதான். முன்னால போறவர் மட்டும் எங்களோட பேசுவார். மத்த மூணும் அவர் பின்னாலயே போகும்."

கிளாஸ்கள் மாமாவின் தலைக்கு மேலே வட்டமிட்டன. அம்மா கதவோரத்தில் இருந்து பல்லைக் கடித்தார்.

"அடியே, பிளேன எறக்குடி!"

"எறக்க ஏலாதும்மா, இன்னும் கடல் தாண்டணும்! வழியிலயே டேங்கர் விமானம் வந்து எண்ணெய் குடுக்கும்" என்று, எண்ணெய் கொடுக்கும் விதத்தைக் காட்டத் தட்டைச் சாய்த்தேன்.

நாலும் மாமாவின் மடியில் இறங்கின. (நல்லகாலம், என் பிரசங்கத்தின் நீளத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது.)

மாமா துள்ளி எழும்பினார். "இவ வேலைய விட்டா மட்டும் பத்தாது, இந்த வாயையும் விடணும்!"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. நான் வேலைய விடணுமா?"

அவர் மாமாவைப் பார்த்தார். "மாமா சொன்னா..."

"அப்ப நான் விடல," என்றேன். அவர்கள் திரீவீலில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த லீவு முடியும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் அப்போதே, கீழே கிடந்த கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "நாலு ஜெட்டுல ஒருத்தர்தான் பேசுவார்னியே, மத்த மூணு பேரும் வாயே தொறக்க மாட்டாங்களா?"

"அவங்களுக்குள்ள தனியா பேசிக்குவாங்கப்பா."

"அப்ப அந்தப் பையனுக்கு அதுங்க எவ்வளவோ மேல்," என்றார் அப்பா.

வேலையை நான் விடவில்லை. பயிற்சி முடிந்து, அந்த அக்காவின் கதிரையில் இப்போது நான் உட்காருகிறேன். பிற்பாடு கட்டிக்கொண்டவரிடம் வேலையைப் பற்றித்தான் முதலில் பேசினேன், அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டே.

அம்மாவின் கதைதான் இப்போது எங்கள் வீட்டில் பெரிய சிரிப்பு. ஹந்தானைக்கு மேலே எது பறந்தாலும், அது ஜெட்டோ ஹெலிகொப்டரோ, பக்கத்து வீட்டு அக்கா "ஏதோ போகுதே?" என்று கேட்டால் போதும். அம்மா தேங்காய் துருவுவதைக்கூட நிறுத்தாமல், "எங்க மக விட்டிருக்கா, போகுது" என்பார். போன தடவை அப்படிச் சொன்னபோது நான் லீவில் வந்து, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி, "ஆமா, விட்டுட்டேன்," என்றேன்.