இலவச ஆலோசகரை மாடிப்படியில் மடக்கிய கதை

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். அதிலும் பேசக் கூச்சப்படுகிறவன். பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்விட்டுத் திரும்பி நடப்பேன். (தெற்குக் கல்கத்தா எனக்கு அத்துப்படியானது இப்படித்தான்.) இப்படிப்பட்டவன் ஒரு காரியத்தை ரகசியமாகச் செய்யப்போனால் தெருவே கூடிவிடும். அதைச் சொல்ல மட்டும் எனக்குத் தகுதி உண்டு.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் லாக்-அவுட். எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் கேட்டில் நிற்கும் தர்வான்கூடச் சிரித்தார். கரியாஹாட் பக்கம் ஒரு சந்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் மனைவி ஜெயம் முறுக்கும் தட்டையும் சுட்டுத் தருவாள். நான் பையில் எடுத்துக்கொண்டு தெரிந்த தமிழர் வீடுகளுக்குப் போவேன். விற்பதற்குத்தான். ஆனால் விலை சொல்ல வாய் வராது. “வீட்டில் செய்தது” என்று நீட்டிவிட்டு நிற்பேன். பாதிப் பேர் அன்பளிப்பு என்று நினைத்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

தீபாவளி நெருங்கியது. கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் கமலா அக்கா இருந்தாள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் அவள்தான் சேர்த்துப் பலகாரம் ஆர்டர் கொடுப்பாள். அந்த ஆர்டர் கிடைத்தால் கல்கத்தாவிலேயே காலம் தள்ளலாம். கிடைக்காவிட்டால் திருநெல்வேலியில் மச்சினன் வீட்டு மாடியறை. மச்சினன் அதற்கு வெள்ளையடித்தே வைத்துவிட்டதாக எழுதியிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான், ரிட்டயரான அதிகாரிகள் சிலர் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாக யோசனை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு வாய்த்தவர் தத்தா பாபு. வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, சிரிப்பே இல்லாத முகம். முறுக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் முன் விரல் மடக்க ஆரம்பித்தார்.

“உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வெளியே போகாது. அது உங்கள் உரிமை. என் யோசனை பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். என்னையே பிடிக்காவிட்டால் வேறு ஆள் கேட்கலாம். அவையும் உரிமை. என்னிடம் உண்மை பேசுவதும் சொன்ன நேரத்தில் வீட்டில் இருப்பதும் உங்கள் கடமை. எனக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. டீகூடக் கூடாது.”

எனக்கு முதல் உரிமையே போதுமாக இருந்தது. “ஸார், நான் யோசனை கேட்கிறேன் என்பதே யாருக்கும் தெரியக் கூடாது” என்றேன். தொழிற்சாலை மூடியதையே கமலா அக்காவிடம் சொல்லவில்லை. ஜெயம் பொழுதுபோகாமல் முறுக்குச் சுற்றுவதாகச் சொல்லியிருந்தேன்.

தத்தா பாபு நெஞ்சில் கை வைத்தார். “தெரியாது” என்றார்.

நாங்கள் வேலை செய்யும் முறையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். எல்லாருக்கும் அவர் மாஸிமா, நம்மூர்ச் சித்தி மாதிரி. வழக்கம்போல மரியாதையாக, “யார் வீட்டுக்கு, மோஷாய்?” என்று கேட்டிருக்கிறார்.

“சொல்வதற்கில்லை.”

“சரி, வெயிலில் வந்திருக்கிறீர்கள். ஒரு வாய் டீ குடியுங்கள்.”

“அனுமதி இல்லை.”

கல்கத்தாவில் நீட்டிய டீயை ஒரு வங்காளிப் பெரியவர் மறுத்தால் ஒன்று அவருக்கு வயிற்றுப்போக்கு, இல்லாவிட்டால் அவர் ரெய்டுக்கு வந்தவர். தத்தா பாபு படியேறிய வேகத்தைப் பார்த்ததும் அவர் வயிற்றில் கோளாறு இல்லை என்பது மாஸிமாவுக்குத் தெளிவாகிவிட்டது. அன்றைக்கே எதிர்வீட்டில் பதுக்கி வைத்திருந்த கெரஸின் டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். அடுத்த முறை அவர் அளவு டேப்பும் கையுமாக வந்ததும், எங்கள் வீட்டை ஜப்தி செய்யப்போகிறார்கள் என்று சந்து முழுக்கப் பேச்சு. “பாவம், மத்ராஸி. வாய் பேசாத பூச்சி” என்று எனக்காக வருத்தப்பட்டார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாவது முறை அவர் சமையலறையை அளந்துகொண்டிருந்தபோது கமலா அக்கா வந்து நின்றாள்.

“யாரு ஜெயம் இவரு?”

ஜெயம் என்னைப் பார்த்தாள். நான் தத்தா பாபுவைப் பார்த்தேன். அவர் ஒரு கையில் டேப்பும் மறு கையில் எங்கள் முறுக்கு நாழியுமாக நின்று, “அம்மா, எனக்கு இவர்கள் யாரென்றே தெரியாது” என்றார்.

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கஸ்டம்ஸில் வேலை. ரெய்டு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். “ஆர்டர் விஷயம் அப்புறம் பேசுவோம்” என்று இறங்கினாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். கீழே ஒரே கூட்டம். மாஸிமா பாடா கிளப் என்கிற பேட்டைச் சங்கத்து ஆட்களைக் கூட்டிவந்திருந்தார். ஜப்திக்கு வந்தவரை கெராவ் செய்கிறார்களாம். (கெராவ் என்றால் ஆளைச் சுற்றி வளைத்து, நினைத்தது நடக்கும்வரை நகரவிடாமல் நிற்பது. அப்போது கல்கத்தாவில் முதலாளி முதல் பள்ளித் தலைமையாசிரியர்வரை எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். இலவச ஆலோசகரை கெராவ் செய்தது எங்கள் சந்து மட்டுமாகத்தான் இருக்கும்.)

தத்தா பாபு படியில் வந்து நின்றார்.

“எந்த ஆபீஸ்?” என்றான் கிளப் செகரெட்டரி.

“சொல்ல மாட்டேன்.”

“எதற்கு வந்தீர்கள்?”

“நான் சொல்லாமலிருப்பது இன்னொருவருடைய உரிமை.”

“அந்த இன்னொருவர் யார்?”

“அவரை எனக்குத் தெரியாது.”

“சல்பே நா, சல்பே நா” என்று கோஷம் எழும்பியது. நடக்காது, நடக்காது என்று அர்த்தம். மனுஷர் வியர்த்துக் கொட்ட, சுவரில் சாய்ந்தார். மாஸிமாவே மனமிரங்கித் தண்ணீர் நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

ஜெயம் என் முதுகில் ஒரு குத்து விட்டாள். “என்னங்க, அந்த மனுஷன் செத்துத் தொலைஞ்சாலும் வாயைத் திறக்க மாட்டாரு. நீங்க திறங்க.”

திறந்தேன். வங்காளமும் இந்தியும் கலந்து, என் ஆயுளிலேயே மிக நீளமான பேச்சு அதுதான். “என் தொழிற்சாலை மூடிவிட்டது. எனக்கு வியாபாரம் தெரியாது. முறுக்கு எப்படி விற்பது என்று இவரிடம் கேட்டேன். இவர் காசு வாங்குவதில்லை.”



“இவ்வளவுதானா? என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றான் செகரெட்டரி. அவ்வளவுதான், கெராவ் முழுவதும் ஆலோசனைக் கூட்டமாக மாறிவிட்டது. கடுகெண்ணெயில் பொரி என்றார் ஒருவர். மேலே சர்க்கரை தூவு என்றார் இன்னொருவர். வடிவம் சரியில்லை, இத்தனை சுற்று எதற்கு என்றார் மாஸிமா. பேரே வாயில் நுழையவில்லை, மாற்று என்றார்கள். தத்தா பாபு படியில் நின்றபடியே, “இவருக்கு உங்கள் யோசனையைத் தள்ளும் உரிமை இருக்கிறது” என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் எதையும் தள்ளவில்லை. எல்லாருக்கும் தலையாட்டினேன்.

வழி கிடைக்காமல் நடுப்படியில் நின்ற கமலா அக்கா அத்தனையும் கேட்டாள். ஜெயம் டின்னைத் திறந்து கூட்டத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தபோது, அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, “பொழுதுபோக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால், “என்ன, தத்தா பாபுவா?” என்றுதான் கேட்பார்கள். புதிதாக வந்த மாப்பிள்ளை தன் சம்பளத்தைச் சொல்லாமல் மழுப்பியபோது வீடே “தத்தா பாபு” என்று சிரித்தது. அது யாரோ பழைய மாப்பிள்ளை என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கெராவுக்கு மறுநாள் காலை கமலா அக்கா ஆள் அனுப்பி ஆர்டர் சொன்னாள். கடுகெண்ணெய் கூடாது என்று சொல்லச் சொன்னாளாம். ஜெயம் அரிசியை ஊறப்போட்டாள்.